சிசிஐஇ லேபில் எழுத்துக் கேள்வி: வேண்டும், ஆனால் அந்த நாலு கேள்வி மாதிரி வேண்டாம்

காட்பாடி ரோட்டுப் பக்கம் நெட்வொர்க்கிங் படிக்கிறவர்கள் நாலு பேர் கூடினால் இந்தப் பேச்சு வந்துவிடும். சிஸ்கோ நிறுவனத்தின் சிசிஐஇ போன்ற நிபுணர் நிலைத் தேர்வில் விடையைத் தேர்ந்தெடுக்கச் சொல்வதற்குப் பதில் சொந்த வார்த்தையில் எழுதச் சொன்னால் தேர்வின் தரம் கூடுமா? கூடும் என்பதே என் முடிவு. ஆனால் அதற்கு இரண்டு வேலைகள் முன்னதாக நடந்திருக்க வேண்டும். கேள்வி, எழுதுபவரின் கண்முன் இருக்கும் ஒரு நெட்வொர்க்கின் மேல் நிற்க வேண்டும். திருத்துபவரின் கையில் முன்கூட்டியே எழுதிவைத்த மதிப்பெண் திட்டம் இருக்க வேண்டும். இவை இல்லாமல் எழுத்துக் கேள்வி வைப்பதை விட, நல்ல கொள்குறி வினாவே வைத்துவிடலாம்.

பழைய கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1993-ல் தொடங்கிய சிசிஐஇ முதலில் இரண்டு நாள் லேப் தேர்வு, அதாவது ரவுட்டர்களில் நேரடியாகச் செய்துகாட்டும் செய்முறைத் தேர்வு. 2001 அக்டோபரில் அது ஒரே நாளாகச் சுருங்கியது. அப்போது, பழுதான நெட்வொர்க்கைக் கொடுத்துச் சரி செய்யச் சொல்லும் தனிப் பகுதியும் போய்விட்டது. எட்டு மணி நேரம் முழுக்க கான்ஃபிகரேஷன் (கருவிகளில் கட்டளை அடித்து அமைப்பது) என்று ஆனதும், லேபின் வரைபடத்தையும் கேள்விகளையும் வெளியே விற்கும் டம்ப் வியாபாரம் பெருகியது. மொத்த லேபையும் மனப்பாடம் செய்து, விரல் பழக்கத்திலேயே அடித்து முடித்துவிட்டு வெளியே வருபவர்கள் உண்டானார்கள். அதைத் தடுக்க சிஸ்கோ 2008-ல் பெய்ஜிங் லேபில் பத்து நிமிட நேர்காணல் ஒன்றை முயன்று பார்த்தது. 2009 பிப்ரவரியில் ரவுட்டிங் அண்ட் ஸ்விட்சிங் லேபில் எழுத்துக் கேள்விகள் வந்தன. நாலு கேள்வி, அதிகபட்சம் 30 நிமிடம், கணினியில் சில வார்த்தைகளிலோ ஓரிரு வரிகளிலோ பதில், புரட்டிப் பார்க்க எந்த ஆவணமும் கிடையாது. அந்தப் பகுதியில் தேறாவிட்டால், மீதி ஏழரை மணி நேரம் எவ்வளவு நன்றாகச் செய்தாலும் லேப் தேர்ச்சி இல்லை. 2009 அக்டோபரில் வந்த நான்காம் பதிப்பு, பழுது நீக்கும் பகுதியை இரண்டு மணி நேரமாகத் திரும்பக் கொண்டுவந்தது. 2010 மே மாதம் ரவுட்டிங் லேபிலும் வாய்ஸ் லேபிலும் எழுத்துக் கேள்விகள் நீக்கப்பட்டன.

ஒன்றேகால் வருடத்தில் அவை போனதைக் காட்டி, "எழுத்துக் கேள்வியே சரிப்படாது" என்று பலர் முடிவு கட்டுகிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. அங்கே சரிப்படாமல் போனது நாலே நாலு கேள்வி என்ற எண்ணிக்கையும், நினைவில் இருந்து எடுத்து எழுத வைத்த கேள்வி வகையும்தான்.

எண்ணிக்கையை முதலில் பார்ப்போம். பாடத்திட்டம் முழுவதிலும் பாதி மட்டும் தெரிந்த ஒருவர் இருக்கிறார். எந்தக் கேள்வி வந்தாலும் அவர் சரியாக எழுத 50 சதவீத வாய்ப்பு என்று வைப்போம். நாலில் மூன்று சரியானால் தேர்ச்சி என்று விதி வைத்தால், அவர் தேறுவதற்கான வாய்ப்பு 31 சதவீதம். அறுபது சதவீதம் தெரிந்தவருக்கு 48 சதவீதம், கிட்டத்தட்ட காசு சுண்டிப் பார்ப்பது போலத்தான். மறுபக்கம், 90 சதவீதம் தெரிந்த ஒருவர் தோற்க 5 சதவீத வாய்ப்பு இருக்கிறது. நிபுணர் என்று சொல்லத்தக்க இருபது பேரில் ஒருவர், பல மாத உழைப்பும் ஆயிரம் டாலருக்கு மேல் கட்டணமும் கட்டி, பெங்களூரு லேபுக்குப் போய், காலையில் முதல் அரை மணி நேரத்திலேயே தோற்றுவிடுகிறார். அவருக்கு வராத ஒரு மூலையில் இருந்து இரண்டு கேள்விகள் விழுந்தன என்பது மட்டுமே காரணம்.

இப்போது கேள்விகளை 20 ஆக்கி, 15 சரியானால் தேர்ச்சி என்று அதே 75 சதவீத எல்லையை வையுங்கள். பாதி தெரிந்தவர் தேறும் வாய்ப்பு 31-லிருந்து 2 சதவீதமாக விழுகிறது. அறுபது சதவீதம் தெரிந்தவருக்கு 48-லிருந்து 13. தொண்ணூறு சதவீதம் தெரிந்தவர் தோற்கும் வாய்ப்பு 5-லிருந்து ஏறத்தாழ 1. எண்பது சதவீதக்காரருக்கு மட்டும் பெரிய மாற்றம் இல்லை, தேறும் வாய்ப்பு 82 சதவீதமாக இருந்தது 80 ஆகிறது. அவர் எல்லைக்கு அருகில் நிற்பவர், எந்தத் தேர்விலும் அவர் நிலை அப்படித்தான் இருக்கும். தேர்வின் வேலை பாதி தெரிந்தவரை நிறுத்துவதும் நன்கு தெரிந்தவரை விடுவதும் என்றால், நாலு கேள்வி இரண்டையும் செய்யவில்லை.

இருபது கேள்விக்கு நேரம் எங்கே? கேள்விக்கு மூன்று நிமிடம் வைத்தால் ஒரு மணி நேரம் வேண்டும். கான்ஃபிகரேஷன் பகுதியில் விஎல்ஏஎன் போடு, ட்ரங்க் கட்டு, இன்டர்ஃபேஸுக்கு ஐபி கொடு என்று வரும் வேலைகளில் நிபுணரையும் சாதாரண இன்ஜினியரையும் பிரிக்கும் எதுவும் இல்லை. அவற்றைத் தேர்வுக்கு முன்பே போட்டுக் கொடுத்துவிட்டால் அந்த ஒரு மணி நேரம் கிடைத்துவிடும்.

அடுத்தது கேள்வியின் வகை. ஓஎஸ்பிஎஃப் என்பது ரவுட்டர்கள் தங்களுக்குள் வழிகளைச் சொல்லிக்கொள்ளும் ஒரு புரோட்டோகால். "ஓஎஸ்பிஎஃப் எந்த ஐபி புரோட்டோகால் எண்ணில் ஓடுகிறது?" என்று கேட்டால் பதில் 89. எழுதினாலும் 89, நாலு விடையில் தேர்ந்தெடுத்தாலும் 89. எழுதச் சொல்வதால் கிடைக்கும் ஒரே லாபம், குத்துமதிப்பாக அடித்துத் தப்பிக்கும் 25 சதவீத வாய்ப்பு மறைவதுதான். ஆனால் டம்ப் விற்பவருக்கு இந்த வகைக் கேள்வி கொள்குறி வினாவை விட இனிப்பானது. "இதைக் கேட்டால் 89 என்று எழுது" என்று ஒரே வரியில் விற்றுவிடலாம். ஒரே குட்டிப் பதில் உள்ள எழுத்துக் கேள்வி எப்படியும் வெளியே போய்விடும். கேள்வி வங்கி எத்தனை பெரிதாக இருந்தாலும், எழுதிவிட்டு வெளியே வரும் ஒவ்வொருவரும் நாலு கேள்விகளைக் கொண்டுவந்து கொட்டினால் அது சில மாதத்தில் தீர்ந்துபோகும்.

இதையே கொஞ்சம் மாற்றுங்கள். இரண்டு ரவுட்டர்களின் நெய்பர் (பக்கத்து ரவுட்டர்) பட்டியலைக் கொடுங்கள். ஒன்றில் எக்ஸ்ஸ்டார்ட், மற்றதில் எக்ஸ்சேஞ்ச் என்ற இடைநிலையில் நிற்கிறது, தொடர்பு முழுமையடையும் ஃபுல் நிலைக்குப் போகவில்லை. 100 பைட் பிங் (தொடர்பைச் சோதிக்கும் பாக்கெட்) போகிறது. "இரண்டு சாத்தியக் காரணங்களையும், ஒவ்வொன்றையும் உறுதி செய்ய ஒரு கட்டளையையும் எழுது" என்று கேளுங்கள். பலருக்கு எம்டியூ (ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச அளவு) வேறுபாடு என்று உடனே வாயில் வரும், சரிதான். தரவுத்தள விவரப் பாக்கெட்டில் அனுப்புபவரின் இன்டர்ஃபேஸ் எம்டியூ எழுதப்பட்டிருக்கும். அது தன்னால் ஏற்க முடிந்த அளவைவிடப் பெரிதாக இருந்தால் பெறுபவர் அந்தப் பாக்கெட்டைத் தள்ளிவிட வேண்டும் என்று 1998-ல் வந்த, ஓஎஸ்பிஎஃபின் விதி ஆவணமான ஆர்எஃப்சி 2328 சொல்கிறது. இரண்டாவது காரணத்தில்தான் ஆள் தெரியும். ரவுட்டர்கள் முதலில் பரிமாறும் ஹலோ பாக்கெட் 224.0.0.5 என்ற மல்டிகாஸ்ட் (பலருக்கும் ஒரே நேரத்தில் போகும்) முகவரிக்குப் போகிறது, ஈதர்நெட் இணைப்பில் விவரப் பாக்கெட் நெய்பரின் சொந்த முகவரிக்கு மட்டும், யூனிகாஸ்டாகப் போகிறது. நடுவில் ஒரு ஆக்சஸ் லிஸ்ட் (எந்தப் பாக்கெட்டை விடுவது, தடுப்பது என்ற விதிப் பட்டியல்) மல்டிகாஸ்டையும் பிங்கையும் விட்டு, புரோட்டோகால் 89 யூனிகாஸ்டைத் தடுத்தால் இதே காட்சிதான் வரும். அந்த 89 இங்கேதான் உபயோகமாகிறது. எண்ணாகத் தெரிந்தவருக்கும், அது எங்கே வேலை செய்கிறது என்று தெரிந்தவருக்கும் உள்ள தூரத்தை இந்தக் கேள்வி அளக்கிறது.

இன்னொரு உதாரணத்தை விரிவாகவே எழுதுகிறேன், நம் ஊரை வைத்தே. ஒரு தோல் நிறுவனம், ராணிப்பேட்டையில் பதனிடும் ஆலை, வேலூரில் அலுவலகம், ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் ஷூ தயாரிப்பு. நாலு ஊருக்கும் நாலு ரவுட்டர், சதுரமாகக் கட்டியிருக்கிறது. ராணிப்பேட்டை–வேலூர், ராணிப்பேட்டை–ஆம்பூர் இணைப்புகளில் இஐஜிஆர்பி என்ற இன்னொரு ரவுட்டிங் புரோட்டோகால் ஓடுகிறது. வேலூர்–வாணியம்பாடி, ஆம்பூர்–வாணியம்பாடி இணைப்புகளில் ஓஎஸ்பிஎஃப். ஆக வேலூரும் ஆம்பூரும் எல்லை ரவுட்டர்கள், இரண்டிலும் இருபக்க ரீடிஸ்ட்ரிபியூஷன், அதாவது ஒரு புரோட்டோகாலின் ரவுட்டை மற்றதற்குள் விடுவது. ராணிப்பேட்டையில் 10.50.0.0/16 என்ற முகவரித் தொகுதிக்குக் கையால் எழுதிய ஒரு ஸ்டாட்டிக் ரவுட் இருக்கிறது, அதை இஐஜிஆர்பிக்குள் விட்டிருக்கிறார்கள்.

வெளியிலிருந்து உள்ளே வந்த ரவுட் என்பதால் இஐஜிஆர்பியில் அதன் அட்மினிஸ்ட்ரேட்டிவ் டிஸ்டன்ஸ் (வழியை எவ்வளவு நம்பலாம் என்ற எண்) 170. வேலூர் ரவுட்டர் அதை ஓஎஸ்பிஎஃபுக்கு மாற்றிவிடுகிறது. வாணியம்பாடி வழியாக அது ஆம்பூருக்கு 110 என்ற டிஸ்டன்ஸோடு வந்து சேர்கிறது. ஆம்பூர் ரவுட்டரிடம் இப்போது ராணிப்பேட்டைக்கு நேர் வழி 170-ல் இருக்கிறது, சுற்று வழி 110-ல் இருக்கிறது. சிறிய எண் ஜெயிக்கும். ஆம்பூரில் கிளம்பும் பாக்கெட் மேற்கே வாணியம்பாடிக்குப் போய், அங்கிருந்து கிழக்கே வேலூருக்கு வந்து, பிறகு ராணிப்பேட்டை சேர்கிறது. அதோடு முடியவில்லை. ஆம்பூரின் ரவுட்டிங் டேபிளில் இப்போது இருப்பது ஓஎஸ்பிஎஃப் ரவுட் என்பதால், அது அதைத் திரும்ப இஐஜிஆர்பிக்குள்ளும் விடுகிறது. ராணிப்பேட்டையில் அந்த ஸ்டாட்டிக் ரவுட் எடுக்கப்படும் நாளில், இல்லாத ரவுட் ஒன்று நாலு ரவுட்டரையும் சுற்றிக்கொண்டே இருக்க வாய்ப்பு உண்டு.

டம்ப் படித்தவருக்கும் இதன் தீர்வு தெரியும். ஒரு எல்லையில் ரவுட்டுக்கு டாக் (அடையாள எண்) போடு, மறு எல்லையில் அந்த டாகைத் தடு, இரண்டு பக்கமும் செய். அதைச் செய்யும் ரவுட் மேப் வரிகளைக் கண்ணை மூடிக்கொண்டு அடிப்பார்கள். லேபை மதிப்பிடும் ஸ்கிரிப்ட், டாக் இருக்கிறதா, பிங் போகிறதா என்று மட்டும் பார்த்தால் முழு மதிப்பெண் விழுந்துவிடும். இப்போது ஒரே ஒரு எழுத்துக் கேள்வி கேளுங்கள்: "டாக் தடுப்புக்குப் பிறகு ஆம்பூரில் இருந்து 10.50.0.0/16-க்கு எந்த வழி? ஏன்?"

மனப்பாடக்காரர் "நேராக ராணிப்பேட்டைக்கு" என்று எழுதுவார். தவறு. டாக் தடுப்பு ரீடிஸ்ட்ரிபியூஷன் செய்யும் இடத்தில் நிற்கிறது, அதனால் ரவுட் திரும்ப இஐஜிஆர்பிக்குள் போவதைத்தான் அது நிறுத்தும். ஆம்பூர் ரவுட்டர் தன் டேபிளுக்கு எதைத் தேர்ந்தெடுக்கிறது என்பதை அது தொடவே இல்லை. 110 இன்னும் 170-ஐ ஜெயித்துக்கொண்டுதான் இருக்கிறது, பாக்கெட் இன்னும் வாணியம்பாடி போய்த்தான் வருகிறது. பிங் போகும், பாக்கெட் போகும் வழியைக் காட்டும் டிரேஸ்ரூட் எடுத்தால்தான் தெரியும்.

சரியாக எழுதியவரிடம் அடுத்த கேள்வி: "இதைச் சரி செய்ய ஒரு வழி சொல், அதன் பக்கவிளைவையும் சொல்." இங்கே சரியான பதில் ஒன்றுக்கு மேல் உண்டு. ஓஎஸ்பிஎஃப் எக்ஸ்டெர்னல் டிஸ்டன்ஸை 171 ஆக்கலாம். அப்போது நேர் வழி ஜெயிக்கும், ஆம்பூர்–ராணிப்பேட்டை இணைப்பு அறுந்தால் சுற்று வழி மாற்றாக வந்து நிற்கும். ஆனால் அந்த ரவுட்டரில் எல்லா ஓஎஸ்பிஎஃப் எக்ஸ்டெர்னல் ரவுட்டுக்கும் 171 ஆகிவிடும். ஓஎஸ்பிஎஃப் பக்கமே பிறந்த ஒரு எக்ஸ்டெர்னல் ரவுட், இஐஜிஆர்பி வழியாக 170-ல் திரும்பி வந்தால் அது ஜெயித்து, பிரச்சினை தலைகீழாகும். அதனால் டாக் தடுப்பை எடுக்கக் கூடாது. இன்னொரு வழி, ஓஎஸ்பிஎஃபில் உள்வரும் டிஸ்ட்ரிபியூட் லிஸ்டில் ரவுட் மேப் வைத்து அந்த டாக் உள்ளதை டேபிளுக்குள் விடாமல் தடுப்பது. அது நேர் வழியைக் கொடுக்கும், ஆனால் நேர் இணைப்பு அறுந்த நேரத்தில் மாற்று வழி இருக்காது. ரவுட் தகவலைச் சுமக்கும் எல்எஸ்ஏ தரவுத்தளத்தில் கிடக்கும், டேபிளில் ஏறாது.

இந்தப் பதில்களை நாலு விடைக் கட்டத்துக்குள் அடைக்க முயன்று பாருங்கள். "171 ஆக்கு" என்று விடையில் எழுதியிருந்தாலே, அதுவரை அது தோன்றாதவருக்கும் தோன்றிவிடும். விடையைப் பார்த்து அடையாளம் காண்பதும், வெறுமையில் இருந்து கொண்டுவருவதும் வேறு வேறு திறமை. அலுவலகத்தில் இரவு இரண்டு மணிக்கு லிங்க் படுத்தால் யாரும் நாலு விடை கொடுத்து நிற்கப்போவதில்லை. எழுத்துக் கேள்விக்காக நான் வாதாடுவதன் முழுக் காரணமும் இதுதான்.

இந்த வகைக் கேள்விக்கு டம்ப் தொல்லையும் குறைவு. ஊர்ப் பெயரை, எந்தப் பக்கம் எந்த புரோட்டோகால் என்பதை, டாக் எங்கே போட்டது என்பதை மாற்றினால் பதிலே மாறிவிடும். ரவுட் ராணிப்பேட்டையில் பிறக்காமல் வாணியம்பாடியில் எக்ஸ்டெர்னலாகப் பிறந்தால், எல்லை ரவுட்டர்களில் 110 நேர் வழியாகவே இருக்கும், சுற்று வழி உண்டாகாது. மனப்பாடம் செய்தவர் அங்கேயும் பழைய பதிலையே எழுதி மாட்டுவார். ஒரே கேள்வியில் இருந்து மூன்று உருமாற்றங்கள் எடுத்து, ஆளுக்கு ஒன்று கொடுத்தால் கேள்வி வங்கி சீக்கிரம் தீராது. இன்னும் நல்லது, காலையில் அவரே போட்ட கான்ஃபிகில் இருந்து மாலையில் கேட்பது. "நீ ஆம்பூரில் போட்ட இந்த வரியை எடுத்தால் என்ன ஆகும்?" என்பதற்கு வெளியே விற்க எந்தப் பதிலும் இல்லை.

திருத்துவதுதான் கஷ்டமான பாகம், இங்கேதான் நல்ல எழுத்துக் கேள்விகளும் கெட்டுப்போகின்றன. கான்ஃபிகரேஷனை ஸ்கிரிப்ட் ஓட்டிப் பார்த்துவிடலாம். எழுத்தை அப்படிப் பார்க்க முடியாது. சாவி வார்த்தைகளைத் தேடும் மென்பொருள் வைத்தால், "இது எம்டியூ வேறுபாடு இல்லை" என்று எழுதியவருக்கும் எம்டியூ வேறுபாடு என்ற வார்த்தைக்கு மதிப்பெண் விழும். மனிதர் திருத்தினால் ஒருவருக்கு 3 என்று பட்டது மற்றவருக்கு 1 என்று படும்.

மதிப்பெண் திட்டம் இப்படி இருந்தால் இந்த வேறுபாடு குறையும். மேலே சொன்ன ஆம்பூர் கேள்விக்கு 4 மதிப்பெண் வைப்போம். வாணியம்பாடி வழி என்பதற்கு 1. 110, 170 என்ற ஒப்பீட்டைச் சொன்னதற்கு 1. டாக் தடுப்பு ரீடிஸ்ட்ரிபியூஷனை மட்டும் பாதிக்கிறது என்ற காரணத்துக்கு 1. திருத்தமும் பக்கவிளைவும் சேர்ந்து 1, திருத்தம் மட்டும் எழுதினால் அரை. முதல் மதிப்பெண் கிடைக்காதவருக்கு மூன்றாவது கிடைக்குமா என்பதையும் முன்பே எழுதிவைக்க வேண்டும். என் கணக்கில் கிடைக்காது, வழியைத் தவறாகச் சொல்லிவிட்டுக் காரணத்தைச் சரியாகச் சொல்ல முடியாது. ஏற்கத்தக்க மாற்றுப் பதில்களின் பட்டியலும் வேண்டும். முதல் முப்பது தாள்களைத் திருத்தியதும், திட்டத்தில் இல்லாத ஆனால் சரியான ஒரு பதில் கட்டாயம் வரும். அதைப் பட்டியலில் சேர்த்து, அந்த முப்பதையும் திரும்பப் பார்க்க வேண்டும். இதைச் செய்யாமல் விட்டால் முன்னால் எழுதியவருக்கு ஒரு நியாயம், பின்னால் எழுதியவருக்கு ஒரு நியாயம் ஆகிவிடும்.

ஒவ்வொரு பதிலையும் இருவர், ஒருவர் போட்டதை மற்றவர் பார்க்காமல் திருத்த வேண்டும். ஒரு மதிப்பெண்ணுக்கு மேல் வித்தியாசம் வந்தால் மூன்றாமவர். எழுதுபவரின் பெயரும் நாடும் திருத்துபவருக்குத் தெரியக் கூடாது.

இன்னொரு தொல்லை, தெரிந்ததை எல்லாம் கொட்டும் பதில். எக்ஸ்ஸ்டார்ட் என்றதும் எம்டியூ, ஏரியா, ஹலோ டைமர், பாஸ்வேர்ட், சப்நெட் மாஸ்க் என்று ஏழெட்டு காரணங்களை வரிசையாக எழுதினால் அதில் ஒன்று சரியாகத்தான் இருக்கும். ஆனால் ஏரியாவோ ஹலோ டைமரோ பொருந்தாவிட்டால் எக்ஸ்ஸ்டார்ட் வரைக்கும் வரவே முடியாது, ஹலோ நிலையிலேயே நின்றுவிடும். அந்தப் பட்டியலே அவருக்குத் தெரியாது என்பதற்குச் சாட்சி. "முதலில் எழுதிய இரண்டு காரணங்கள் மட்டுமே திருத்தப்படும்" என்று கேள்வியிலேயே அச்சடித்துவிட்டால் இது நிற்கும். அறுபது வார்த்தை எல்லையும் நல்லது, திருத்துபவருக்கும் எழுதுபவருக்கும்.

மொழியை இந்த ஊரில் இருந்து பேசும்போது விட முடியாது. குடியாத்தத்திலும் ஆற்காட்டிலும் அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்து, பாகாயத்திலோ வேறு ஊரிலோ இன்ஜினியரிங் முடித்து வந்தவர்களுக்கு, ரவுட்டிங் டேபிளைப் படிப்பதில் எந்தக் குறையும் இல்லை. அதையே ஆங்கிலத்தில் மூன்று வாக்கியமாக எழுதச் சொன்னால் தயங்குவார்கள். எழுத்துக் கேள்வி கவனமில்லாமல் வைக்கப்பட்டால், நெட்வொர்க் அறிவை அளக்கும் பெயரில் ஆங்கிலத்தை அளந்துவிடும். நிபுணருக்கு ஆங்கிலம் வேண்டாமா என்று கேட்பவர்கள் உண்டு. வேலைக்கு வேண்டும், அதை நேர்காணல் பார்த்துக்கொள்ளும். சான்றிதழ் எதைச் சொல்கிறதோ அதைத்தான் தேர்வு அளக்க வேண்டும்.

இதற்கு வழி இருக்கிறது. இலக்கணம், எழுத்துப்பிழைக்கு மதிப்பெண் குறைக்கக் கூடாது என்று திட்டத்தில் எழுதிவிட வேண்டும். பதிலை வாக்கியமாகத்தான் எழுத வேண்டும் என்று கட்டாயப்படுத்தக் கூடாது. "ஆம்பூர் > வாணியம்பாடி > வேலூர் > ராணிப்பேட்டை. 110 < 170. டாக் ரீடிஸ்ட்ரிபியூஷனில் மட்டும்." என்று மூன்று துண்டாக எழுதினாலும் முழு மதிப்பெண். ரவுட்டரின் நிலையைக் காட்டும் ஷோ கட்டளையின் வெளியீட்டில் இருந்து சம்பந்தப்பட்ட வரியை வெட்டி ஒட்டி, கீழே ஒரு குறிப்பு எழுத விட்டால் இன்னும் எளிது. கேள்வியின் ஆங்கிலமும் நேராக இருக்க வேண்டும். இரட்டை எதிர்மறை வைத்த கேள்வி தாய்மொழி ஆங்கிலமாக இல்லாத எவரையும் வழுக்கி விழ வைக்கும்.

சிஸ்கோ பிறகு என்ன செய்தது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். 2014 ஜூனில் வந்த ஐந்தாம் பதிப்பில் டயக்னாஸ்டிக் என்ற 30 நிமிடப் பகுதி வந்தது. ரவுட்டரைத் தொட முடியாது. மின்னஞ்சல்கள், வரைபடங்கள், லாக் துண்டுகளைப் படித்து, பழுதின் மூலக்காரணத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். 2020 பிப்ரவரியில் இருந்து என்டர்பிரைஸ் இன்ஃப்ராஸ்ட்ரக்சர் லேபில் முதல் மூன்று மணி நேரம் டிசைன், அடுத்த ஐந்து மணி நேரம் செயல்படுத்துதல். டிசைன் பகுதியிலும் ஆவணங்களைப் படித்துத் தீர்மானிக்க வேண்டும், முடித்துவிட்ட கேள்விக்குத் திரும்பப் போக முடியாது. இரண்டு பகுதியிலும் குறைந்தபட்ச மதிப்பெண் வேண்டும், மொத்தத்திலும் தேர்ச்சி எல்லையைத் தொட வேண்டும். அதாவது "ஏன்" என்ற கேள்வியை வைத்துக்கொண்டார்கள், எழுதுவதை விட்டுவிட்டார்கள். திருத்தும் செலவும் சர்ச்சையும் இல்லாமல் பாதி லாபம் கிடைக்கிறது, நாலு கேள்விக் காலத்தை விட இது பல மடங்கு மேல். ஆனால் விடை கண்முன் நிற்கும் குறை அப்படியே இருக்கிறது. விஎம்வேர் நிறுவனத்தின் விசிடிஎக்ஸ் என்ற டிசைன் நிபுணர் சான்றிதழ் மறுமுனைக்குப் போனது. தானே வரைந்த டிசைனை ஒரு குழுவின் முன் நின்று காக்க வேண்டும், குழு குறுக்குக் கேள்வி கேட்கும். அளவிடுவதில் அதற்கு நிகர் இல்லை என்று நினைக்கிறேன், ஆனால் ஒருவருக்கே பல நிபுணர்களின் பல மணி நேரம் போகிறது. சிசிஐஇ அளவுக்கு அதை விரிக்க முடியாது.

தேர்வு மாறும் வரை காத்திருக்கத் தேவையில்லை, படிக்கும்போதே எழுத்துக் கேள்வியைச் சேர்த்துக்கொள்ளலாம். மேலே சொன்ன சதுரத்துக்கு நாலு ரவுட்டர் போதும். கணினியிலேயே நெட்வொர்க் கட்ட விடும் சிஸ்கோ மாடலிங் லேப்ஸின் இலவசப் பதிப்பு ஐந்து நோட் வரை விடுகிறது. ஈவ்-என்ஜி என்ற அதேபோன்ற மென்பொருளில் ஐஓஎஸ்வி (மென்பொருள் ரவுட்டர்) போட்டால் ரவுட்டருக்கு 512 எம்பி, நாலுக்கு 2 ஜிபி, 8 ஜிபி லேப்டாப்பிலும் ஓடும். ராணிப்பேட்டையில் 10.50.0.0/16-ஐ நல்0-க்கு (பாக்கெட்டைத் தூக்கி எறியும் பொய் இன்டர்ஃபேஸ்) ஸ்டாட்டிக்காகப் போட்டு இஐஜிஆர்பிக்குள் விடுங்கள். இரண்டு இடத்தில் பெரும்பாலும் தட்டும். ஓஎஸ்பிஎஃபில் இருந்து இஐஜிஆர்பிக்கு விடும்போது மெட்ரிக் கொடுக்காவிட்டால் எதுவும் போகாது, 10000 100 255 1 1500 என்று ஐந்து எண்ணும் வேண்டும். இஐஜிஆர்பியில் இருந்து ஓஎஸ்பிஎஃபுக்கு விடும்போது பழைய ஐஓஎஸில் சப்நெட்ஸ் என்ற வார்த்தையை விட்டுவிட்டால், /8 அல்லாத நம் 10.50.0.0/16 காணாமல் போகும். கிளாஸ்ஃபுல் நெட்வொர்க் மட்டுமே போகும் என்று கட்டளையை அடிக்கும்போது வரும் ஒரு எச்சரிக்கை வரியைக் கவனிக்காமல் விட்டுவிடாதீர்கள்.

லேப் ஓடியதும் பக்கத்தில் இருப்பவரின் கான்ஃபிகை வாங்கி, அதில் ஒரு வரியைச் சுட்டி "இதை எடுத்தால் எந்த ரவுட்டரில் என்ன மாறும்?" என்று எழுதிக் கொடுங்கள். பதிலை முதலில் தமிழில் வாயால் சொல்லட்டும், பிறகு அறுபது வார்த்தைக்குள் ஆங்கிலத்தில் எழுதட்டும். அதற்கப்புறம் வரியை எடுத்து, டேபிளைப் பார்த்துச் சரிபாருங்கள். எழுதுவதற்கு முன் ஷோ கட்டளை எதையும் அடிக்க விடாதீர்கள், ஊகிப்பதுதான் பயிற்சி.

கடைசியாக ஒரு கேள்வி தருகிறேன், பதில் சொல்லாமல் விடப்போவதில்லை. டிஸ்டன்ஸ் மாற்றம் எதுவும் இல்லாமல், இரண்டு எல்லை ரவுட்டரையும் அணைத்து, இந்த முறை ஆம்பூரை முதலில் எழுப்புங்கள். இப்போது ஆம்பூர் நேர் வழியில் போகும், வேலூர் வாணியம்பாடி, ஆம்பூர் என்று சுற்றிப் போகும். ஏன்? முதலில் எழுந்தது எதுவோ அதன் டேபிளில் 170 ரவுட் ஏறி, அது ஓஎஸ்பிஎஃபுக்கு மாற்றி விடுகிறது. இரண்டாவதாக எழுந்ததன் டேபிளில் 110 ஏறிவிடுவதால், அங்கே மாற்றிவிட இஐஜிஆர்பி ரவுட் இல்லை. அதனால் ஆம்பூரில் மட்டும் 171 போட்டுவிட்டு நிற்கக் கூடாது, வேலூரிலும் போட வேண்டும். ஆம்பூரில் மட்டும் போட்ட கான்ஃபிக், தேர்வு நேரத்தில் ஆம்பூரில் இருந்து டிரேஸ்ரூட் எடுத்துப் பார்த்தால் சரி என்றே காட்டும். ஆனால் அப்போதிருந்தே ஆம்பூர் அந்த ரவுட்டை ஓஎஸ்பிஎஃபுக்குள் விடுவதால், வேலூர் பாக்கெட்டுகள் வாணியம்பாடிக்குக் கிளம்பிவிடும்.